கோல் விழாத படம்

அந்தச் சனிக்கிழமை காலை பல் துலக்கிக்கொண்டிருக்கும்போது நான் ஒரு முடிவுக்கு வந்தேன். என் மகள் பந்தைத் தடுக்கும் படத்தை எடுக்காமல் இனி நான் ஓயப்போவதில்லை. முடிவெடுத்த வேகத்தில் பற்பசை நுரையைக் கொஞ்சம் விழுங்கியும் விட்டேன். பெரிய காரியங்களுக்கு இந்த மாதிரிச் சேதாரம் உண்டுதான்.

விஷயம் இதுதான். என் மகளுக்குப் பன்னிரண்டு வயது. பெண்கள் கால்பந்துக் குழுவின் கோல் கீப்பர். குழுவில் அவளைக் ‘கதவு’ என்பார்கள். எதிரணிப் பிள்ளைகள் எங்கிருந்து உதைத்தாலும் பந்து அவளிடம் வந்து முட்டிக்கொண்டு போன வழியே திரும்பும். அவள் பாய்வதை நீங்கள் பார்க்க வேண்டும். பெற்ற தகப்பன் என்பதால் இப்படிச் சொல்கிறேன் என்று நினைக்காதீர்கள். பெற்ற தகப்பன் என்பதால்தான் அடக்கமாக, இவ்வளவோடு நிறுத்திக்கொள்கிறேன்.

முதல் நாள் மாலை அவள் என் கணினியைத் திறந்து மூன்று வருடப் படங்களையும் ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்தாள். கிளப் அறிவிப்புப் பலகைக்கு ஆளுக்கு ஒரு படம் கொடுக்கும்படி பயிற்சியாளர் கேட்டிருந்தாராம். எதிர்வீட்டு வக்கீலின் மகள் எங்கள் குழுவில் கோல் போடுகிறவள். அவள் நாற்பது படம் கொடுத்து, எது வேண்டுமோ எடுத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டாள். என் மகள் கடைசிவரை பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பினாள்.

“அப்பா, நான் கோல் விட்ட படம் பதினாலு இருக்கு. தடுத்த படம் ஒண்ணுகூட இல்ல.”

கோபமாகச் சொல்லியிருந்தால்கூட நான் தாங்கியிருப்பேன். கணினியை மெதுவாக மூடிவைத்துவிட்டு எழுந்து போனாள்.

நான் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருப்பவன். இருபது வருடமாக லென்ஸோடு குடித்தனம் நடத்துகிறவன். தினமும் முப்பது பேரை உட்காரவைத்து, “எழுத்துல ஒண்ணும் தப்பில்லீங்க, உங்க கண்ணுலதான் கோளாறு” என்று சொல்லி அனுப்புகிறேன். அப்படிப்பட்டவன் இந்த விவகாரத்தை அலசி ஆராய்ந்து ஒரே நிமிடத்தில் கண்டுபிடித்தேன். கோளாறு கேமரா லென்ஸில்தான். என்னிடம் என்ன கோளாறு என்று ஒரு விநாடிகூட யோசிக்கவில்லை.

கேமராவோடு வந்த குட்டி லென்ஸை ஏற்கெனவே ஒரு முறை மாற்றியாகிவிட்டது. இரண்டாவது வாங்கியது நீளமான லென்ஸ். தூரத்தில் இருப்பதைக் கிட்டே கொண்டுவரும் என்றார்கள். கொண்டுவந்தது. அதில் என் மகளின் இடது காது மட்டும் தெரிந்தது. அழகான காதுதான். ஆனால் காதை வைத்துக்கொண்டு அறிவிப்புப் பலகையில் என்ன செய்வது? இப்போது வேண்டியது நீளமாகவும் இருக்க வேண்டும், மங்கலான மாலையிலும் வெளிச்சத்தை வாரிக் குடிக்கவும் வேண்டும். அப்படி ஒன்று இருக்கிறது. பார்த்து வைத்திருந்தேன். வீட்டு அமைச்சரவையின் ஒப்புதல்தான் பாக்கி.

அமைச்சரவை குளியலறைத் தொட்டியருகே உட்கார்ந்து, மகளின் கீப்பர் கையுறையைப் பழைய பிரஷ்ஷால் தேய்த்துக்கொண்டிருந்தது. என் மனைவி ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுக்கிறவள். அசையாதீங்க என்றதும் அசையாமல் படுத்துக்கொள்ளும் மனிதர்களைப் படம் பிடிப்பவள். ஓடுகிற பிள்ளைகளைப் படம் பிடிக்கும் என் கஷ்டம் அவளுக்கு எங்கே புரியப்போகிறது என்பது அன்றைய தேதியில் என் கருத்து.

“குட்டி தடுக்கிறப்பல்லாம் இது திணறுது,” என்று ஆரம்பித்தேன்.

“எது?”

“லென்ஸ்.”

“கோல் விழுறப்ப திணறலையே. அது எல்லாம் பளிச்சுன்னு விழுந்திருக்கே.”

“பந்து வலைக்குள்ள போய் நின்னுடுதுல்ல. நிக்கிறதை எடுக்கிறது சுலபம்.”

“அப்ப ஓடுறதுக்கு வேற லென்ஸ் வேணும்.”

“அதேதான்.”

“சரி, வாங்குங்க.”

நான் பதினொரு காரணங்களோடு போயிருந்தேன். இரண்டுதான் செலவாகியிருந்தது. மிச்சம் ஒன்பதை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியாமல் நின்றேன். மனைவி இரண்டாவது காரணத்திலேயே சரி என்று சொன்னால், கல்யாணமான எவனும் உடனே உஷாராகியிருக்க வேண்டும். நான் சந்தோஷப்பட்டேன்.

“கூடவே ஒரு ஸ்டாண்டும் வாங்கிடுங்க,” என்றாள்.

“எதுக்கு? கண்ணாடி பிடிச்சுப் பழகின கை. ஆடவே ஆடாது.”

“கை ஆடாதுங்க. கையோட இருக்கிற ஆளுதான் ஆடுறாரு.”

லென்ஸ் வந்தது. சின்னக் குடம் அளவு இருந்தது. தூக்கிப் பார்த்தால் குடத்தில் தண்ணீரும் இருந்த மாதிரி கனம். முதல் இரண்டு நாள் அதைக் கைப்பிள்ளைபோல வீடு முழுக்கத் தூக்கிக்கொண்டு திரிந்தேன். கடைக்கும் கொண்டுபோய், மூக்குக்கண்ணாடி வாங்க வந்தவர்களிடம் காட்டினேன். ஒருவர் இதை எப்படி மூக்கில் மாட்டுவது என்று கேட்டார். ரசனை இல்லாதவர்.

மனைவி என்னிடம் அதை எப்படி இயக்குவது என்று கேட்டாள். எனக்குப் பெருமை பிடிபடவில்லை. ஒரு மணி நேரம் பாடம் நடத்தினேன். வெளிச்சம், வேகம், கவனம் என்று பிரித்துப் பிரித்துச் சொன்னேன். அவளும் நல்ல மாணவியாகத் தலையாட்டிவிட்டு, கேமராவோடு வந்த புத்தகத்தைப் படிக்கட்டுமா என்று கேட்டாள். தாராளமாகப் படி, புரியாவிட்டால் என்னைக் கேள் என்றேன். நான் அதில் முதல் பக்கத்தைத் தாண்டியதில்லை. அனுபவஸ்தனுக்குப் புத்தகம் எதற்கு?

அரையிறுதி ஆட்டத்துக்குப் போனோம். என் மகள் மூன்று பந்துகளைத் தடுத்தாள். மூன்றும் அபாரம். வீட்டுக்கு வந்து படங்களைத் திறந்தோம். முதல் முறை அவள் பாய்ந்தபோது என் லென்ஸ் வானத்தைப் பிடித்திருந்தது. இரண்டாவது முறை புல்லை. மூன்றாவது முறை பக்கத்தில் நின்றவரின் முழங்கையை. நடுவில் ஒரே ஒரு கோல் விழுந்ததே, அது மட்டும் அற்புதமாக வந்திருந்தது. வலையின் முடிச்சுகளை எண்ணலாம்.

மகள் அதைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். “லென்ஸ் நல்லாருக்குப்பா,” என்றாள்.

குழந்தை எனக்கு ஆறுதல் சொல்கிறது. அதைவிட அவள் என்னை நாலு வார்த்தை திட்டியிருக்கலாம்.

இறுதி ஆட்டத்தன்று மனைவி வழக்கத்துக்கு மாறாகப் படத்துறையில் தலையிட்டாள். கோல் கம்பத்துக்குப் பக்கவாட்டில் ஓர் இடத்தைக் காட்டி, லென்ஸோடு வாங்கி நான் பிரிக்காமலே வைத்திருந்த ஸ்டாண்டை அங்கேதான் வைக்க வேண்டும் என்றாள். லென்ஸை மகள் நிற்கும் இடத்தைப் பார்த்துத் திருப்பச் சொன்னாள். திருப்பியதும் திருகாணிகளை அவளே இறுக்கினாள். “இனிமே இதை அசைக்காதீங்க,” என்று நோயாளியிடம் சொல்கிற குரலில் சொல்லிவிட்டு, இருபதடி தள்ளியிருந்த பெஞ்சில் போய் உட்கார்ந்து கைபேசியைக் கையில் எடுத்தாள்.

அதற்குப் பிறகு அதை அவள் கீழே வைக்கவே இல்லை. எனக்கு எரிச்சலாக வந்தது. பெற்ற மகள் இறுதி ஆட்டம் ஆடுகிறாள், தாய் கைபேசியை முறைத்துக்கொண்டிருக்கிறாள். இடைவேளையில் போய்க் கேட்டே விட்டேன், கொஞ்சமாவது குட்டியைப் பார்க்கக்கூடாதா என்று.

“பார்த்துட்டுத்தாங்க இருக்கேன்,” என்றாள்.

ஒரு கோல் முன்னிலையில் இருந்தோம். வக்கீலின் மகள் போட்டது. ஆட்டம் முடிய ஒரு நிமிடம் இருக்கும்போது எதிரணிக்குப் பெனால்டி கிடைத்தது. உதைக்க வந்த பெண் என்னைவிட உயரம். என் மகள் கையுறையை இழுத்துவிட்டுக்கொண்டு தனியாக நின்றாள். அத்தனை பெரிய கம்பங்களுக்கு நடுவே அத்தனை சின்னப் பிள்ளையை நிறுத்த யாருக்குத்தான் மனசு வருகிறதோ தெரியவில்லை. கேமராவின் பின்னால் நின்றேன். விசில் ஊதினார்கள்.

அடுத்து என்ன நடந்தது என்று எனக்குச் சரியாக நினைவில்லை. பந்து உதைபட்ட சத்தம் கேட்டது. பிறகு மைதானமே கத்தியது. எங்கள் பிள்ளைகள் ஓடிப்போய் என் மகள்மேல் விழுந்து அவளை மூடினார்கள். கேமராவைப் பார்த்தேன்.

இருந்தது. படம் இருந்தது. ஒன்றல்ல, ஒன்பது. அதில் ஐந்தாவது படத்தில் என் மகள் தரையிலிருந்து மூன்றடி உயரத்தில், படுக்கைவாட்டில், அந்தரத்தில் இருக்கிறாள். வலது கையின் விரல் நுனியில் பந்து. உதட்டைக் கடித்திருக்கிறாள். கண் இரண்டும் பந்தின் மேல். பயமென்பது அந்த முகத்தில் பொட்டளவும் இல்லை. இவள் என் மகளா என்று எனக்குச் சந்தேகமே வந்துவிட்டது. மைதானம் என்றும் பார்க்காமல் அழுதேன்.

மகள் சேறும் சகதியுமாக ஓடிவந்து பார்த்தாள். “இது நான்தானாப்பா?” என்று மட்டும் கேட்டாள்.

படம் அறிவிப்புப் பலகையின் நடுவில் ஏறியது. வக்கீல் மகளின் படங்கள் அதைச் சுற்றி மரியாதையாக ஒதுங்கிக்கொண்டன. அடுத்த மூன்று வாரம் நான் தரையில் நடக்கவில்லை. எடுத்தது எப்படி என்று கேட்டவர்களுக்கும் சொன்னேன், கேட்காதவர்களுக்கும் சொன்னேன். அமுக்கியது எனக்கு ஞாபகம் இல்லைதான். அதற்கும் விளக்கம் வைத்திருந்தேன். கலைஞனின் விரல் மூளையிடம் உத்தரவு கேட்டுக்கொண்டு நிற்காது.

பயிற்சியாளர் அதை நம்பினார். பெற்றோர்களுக்குப் படமெடுக்கும் வகுப்பு ஒன்று நடத்தச் சொன்னார். ஞாயிற்றுக்கிழமை காலை, கிளப் அறையில் பன்னிரண்டு பேர். என் மனைவியும் மகளும் கடைசி வரிசையில். மூச்சைக் கட்டுப்படுத்துவது, கண்ணை எடுக்காமல் இருப்பது, உணர்ச்சிவசப்படாமல் இருப்பது என்று முக்கால் மணி நேரம் பேசினேன். “முக்கியமா, கண்ணைச் சிமிட்டக்கூடாது,” என்று முடித்தேன். கை தட்டினார்கள்.

அப்போது வக்கீல் எழுந்தார். நல்ல மனிதர். அந்தப் பெனால்டியை எதிர்ப்பக்கத்திலிருந்து தன் கைபேசியில் முழுதாகப் பிடித்திருப்பதாகவும், நிபுணர் வேலை செய்யும் விதத்தை எல்லோரும் பார்த்துக் கற்கலாம் என்றும் சொல்லி, அதைச் சுவரிலிருந்த தொலைக்காட்சியில் போட்டார்.

விசில் கேட்டது. அந்த உயரமான பெண் ஓடிவந்தாள். படத்தின் ஓரத்தில் ஸ்டாண்டின் மேல் கேமரா தன்னந்தனியாக நின்றது. அதிலிருந்து நாலடி தள்ளி, மைதானத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, இரண்டு கைகளாலும் முகத்தைப் பொத்திக்கொண்டு ஒருவர் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தார். சட்டை என்னுடையது.

வக்கீல் பழக்கதோஷத்தில் கேட்டுவிட்டார்: “அப்ப அமுக்கினது யாரு?”

கடைசி வரிசையில் என் மனைவி கைபேசியை லேசாக உயர்த்திக் காட்டினாள். “இதுலேருந்தே அமுக்கலாம். புத்தகத்துல நாற்பதாம் பக்கத்துல போட்டிருக்கு.”

மிச்ச வகுப்பை அவள் நடத்தினாள். எல்லோரும் குறிப்பெடுத்தார்கள்.

வீட்டுக்கு வந்ததும் ஏன் முன்பே சொல்லவில்லை என்று கேட்டேன்.

“குட்டிக்கு ஊசி போட்டப்ப வெளியில போய் நின்னீங்க. அவ சைக்கிள் பழகினப்ப திரும்பி நின்னு மரத்தைப் பார்த்தீங்க. அவ விழுந்துடுவாளோன்னு வந்தா உங்க கண்ணு தானா மூடிக்கும். அதுக்கு எந்தக் கடையில லென்ஸ் விக்குது?” என்றாள். பிறகு குரலைத் தணித்துக்கொண்டாள். “மூணு வாரமா நெஞ்சை நிமிர்த்திட்டு நடந்தீங்க. பார்க்க நல்லாருந்துச்சு. நான் எதுக்குச் சொல்லணும்?”

எனக்குக் கோபம் வரவில்லை. வெட்கமாகத்தான் இருந்தது, அதுவும் கொஞ்ச நேரம்தான். பலகையில் இருப்பது என் மகள். எடுத்தவள் என் மனைவி. வேறு எவனுக்கு இப்படி வாய்க்கும்? அந்தப் பெருமையில் ஒரு தியாகமும் செய்தேன். கேமரா, லென்ஸ், ஸ்டாண்ட் எல்லாம் இனி அம்மாவுக்கே சொந்தம் என்றும், அடுத்த ஆட்டத்திலிருந்து நான் வெறுங்கையோடு பெஞ்சில் உட்கார்ந்து ஆட்டத்தை மட்டும் பார்க்கப்போவதாகவும் சாப்பாட்டு மேசையில் அறிவித்தேன்.

என் மகள் பதறிப்போய் நிமிர்ந்தாள்.

“அதெப்படிப்பா? அம்மாவுக்கு அந்த லென்ஸை யாரு தூக்கிட்டு வர்றது?”