லேப்டாப்பில் இடித்த இடி

நிறைந்த மண்டபத்தை அரை நிமிடத்தில் காலி செய்யும் திறமை எனக்கு உண்டு. மோசமாகப் பாடுகிறவர்களுக்கும் அது உண்டுதான். ஆனால் அவர்களுக்கு அரை மணி நேரமாவது பிடிக்கும். நான் ஒரே ஒரு பட்டனைத்தான் அழுத்தினேன்.

சாத்தூரில் ஒரு பழைய கல்யாண மண்டபத்தில் ஞாயிறுதோறும் நாலு மணிக்குக் கிராமியப் பாட்டு நிகழ்ச்சி நடக்கும். பெயர் ‘ஞாயித்துக்கெழமைப் பாட்டு’. (பெயர் வைக்க யாரும் மெனக்கெடவில்லை என்பது தெரிகிறதல்லவா?) தெம்மாங்கு, நடவுப் பாட்டு, மழைப் பாட்டு, கடைசியில் எல்லாரும் எழுந்து கும்மி. கும்மி அடித்தால்தான் அந்த வாரம் நடந்ததாகச் சேர்த்தி. நான் பிறப்பதற்கு முன்பே தொடங்கிய நிகழ்ச்சி. ஒரு வாரம்கூட நின்றதில்லை. ஊரடங்கு காலத்தில் எட்டுக் கலைஞர்களும் எட்டு வீட்டிலிருந்து செல்போன் கான்ஃபரன்ஸில் பாடினார்கள். தாளம் எட்டு விதமாக வந்தது. ஆனாலும் நிற்கவில்லை.

மேடையின் உயிர் சண்முகத்தாய் அக்கா. ஆறு நாள் தாயில்பட்டிப் பக்கம் ஒரு கம்பெனியில் சரவெடி பின்னுவார். ஏழாவது நாள் பாடுவார். உறுமி வாசித்துக்கொண்டே நடுநடுவில் கேலி பேசி நிகழ்ச்சியை நகர்த்துபவர் கோட்டைச்சாமி அண்ணன். கீழே உட்கார்ந்து கேட்கும் முந்நூறு பேரும் அநேகமாகத் தீப்பெட்டி ஆபீசுக்கும் பட்டாசுக் கம்பெனிக்கும் போகிறவர்கள்.

அந்த மேடைக்கு ஒரு சட்டம் இருந்தது. ஆண்டு விழாவானாலும் சரி, மந்திரியே வந்தாலும் சரி, வெடி போடக் கூடாது. “ஆறு நாளும் அதோடதான கெடக்கோம். ஏழாவது நாளாச்சும் காது சும்மா இருக்கட்டும்” என்பார் அக்கா. இந்தச் சட்டத்தை நான் நன்றாக அறிவேன். நானே மைக்கில் அறிவித்திருக்கிறேன். என்ன, நான் படித்த பெண். சட்டத்தில் ‘வெடி’ என்றுதானே இருக்கிறது, ‘இடி’ என்று இல்லையே என்று கண்டுபிடிக்கும் அளவுக்குப் படித்தவள்.

அப்போது எனக்கு இருபத்திரண்டு வயது. இன்ஜினியரிங் முடித்துவிட்டு, சிவகாசியில் ஓர் அச்சகத்தில் பட்டாசுப் பெட்டிக்கு லேபிள் டிசைன் செய்துகொண்டிருந்தேன். ஞாயிறானால் மேடையில் மைக் டெஸ்ட் செய்வது, ஒயர் இழுப்பது, யாரும் கேட்காமலேயே யோசனை சொல்வது ஆகியவை என் பொறுப்புகள். அந்த யோசனைகளில் ஒன்று, சென்னையில் நடக்கும் ஒரு கலை விழாவுக்கு எங்கள் குழுவை அனுப்புவது. பதினேழு மெயில் போட்டேன். பதினெட்டாவதைத் தவிர்ப்பதற்காகவோ என்னவோ, “பங்குனியில் ஒரு ஞாயிறு இரண்டு பேர் வந்து பார்க்கிறோம்” என்று பதில் வந்தது.

அக்கா நம்பவே இல்லை.

“ஏத்தா, மெட்ராசுலருந்து நம்ம பாட்டக் கேக்கவா வாராக?”

“ஆமாக்கா. பிடிச்சா பெரிய மேடை.”

“ஒரே ஒரு தடவ, நம்மளத் தெரியாத சனம் முன்னாடி பாடிப் பாக்கணும்த்தா. இங்கன எல்லாம் நம்ம ஆளுக. தொண்டை கட்டியிருந்தாலும் நல்லாருக்குன்னுதான் சொல்லுவாக” என்றார்.

இதைக் கேட்டதும் நான் சும்மா இருந்திருக்க வேண்டும். அக்கா பாடினால் போதும், வேறு எதுவும் வேண்டாம் என்று ஒயரைச் சுருட்டி வைத்திருக்க வேண்டும். ஆனால் சும்மா இருப்பது நான் படித்த பாடத்திட்டத்திலேயே கிடையாது.

அக்காவின் மழைப் பாட்டுக்கு ஒலி சேர்ப்பது என்று முடிவெடுத்தேன். யாருக்கும் சொல்லவில்லை, திகைக்க வைக்க வேண்டுமல்லவா? பத்து நாள் காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு லேப்டாப்பில் செதுக்கினேன். முதலில் ஓர் இடி. ஒன்றரை நிமிடம் இடைவெளி. பிறகு அதைவிடப் பெரிய இடி. அதன் வாலிலிருந்து சோவென்று மழை. ஹெட்போனில் கேட்டபோது எனக்கே உடம்பு சிலிர்த்தது. ஹெட்போன் கடலைக்கொட்டை அளவு. மண்டபத்து ஸ்பீக்கர் பீரோ அளவு என்ற விஷயம் மட்டும் மனதில் படவில்லை.

அந்த ஞாயிறு வந்தது. வானத்தில் மருந்துக்கும் மேகம் இல்லை. சென்னையிலிருந்து கைத்தறிப் புடவையில் ஓர் அம்மாவும், ஜோல்னாப் பையோடு ஒரு சாரும் வந்து முதல் வரிசையில் உட்கார்ந்தார்கள். மூன்றாவது வரிசையில் என் அம்மா. கல்யாணத்துக்கு முன்பு பட்டாசு வேலை பார்த்தவர். இப்போது முட்டி வலிக்காரர். கோயில் படி நாலு இருந்தால் சாமியைக் கீழேயிருந்தே கும்பிட்டுக்கொள்வார். மண்டபம் நிரம்பி, வாசலில் கட்டியிருந்த கூம்பு ஸ்பீக்கருக்குக் கீழேயும் ஆட்கள்.

அக்கா அன்று பாடியது போல் அதற்கு முன் பாடி நான் கேட்டதில்லை. கைத்தறி அம்மா நோட்டில் எழுதுவதை நிறுத்திவிட்டு வாயைத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தார். மழைப் பாட்டு தொடங்கியது.

“கம்மாய்க்கு வயிறு ஒட்டிக் கெடக்கு ஏ மேகமே,
கருவேல முள்ளுக்கும் நாக்கு வறண்டு கெடக்கு...”

இரண்டாவது கண்ணி முடிந்தது. மேடை ஓரத்தில் இருந்த நான் பட்டனை அழுத்தினேன்.

அது இடிபோல் இல்லை. எங்கள் ஊர்க்காரர்கள் எதற்குப் பயந்து ஆறு நாளும் செருப்பில்லாமல், செல்போன் இல்லாமல் வேலை பார்க்கிறார்களோ, அச்சு அசலாக அதுபோல் இருந்தது.

கூச்சல் இல்லை. தள்ளுமுள்ளு இல்லை. முந்நூறு பேரும் ஒரே மூச்சில் எழுந்து, தலையைத் தாழ்த்தி, பக்கத்தில் எந்தக் கதவோ அந்தக் கதவு வழியாக, திரும்பிப் பார்க்காமல் வெளியே போனார்கள். செருப்பெல்லாம் நாற்காலிக்கு அடியில். கோட்டைச்சாமி அண்ணன் கழுத்தில் உறுமியோடு ஓடினார்; அது முட்டியில் இடித்து ஊம், ஊம் என்று அழுதுகொண்டே போனது. என் அம்மா? மூன்றாவது வரிசையிலிருந்து முதல் ஆளாகக் கதவைத் தாண்டியதை என் கண்ணால் பார்த்தேன்.

“சாரி, அது நான்...” என்று எழுந்தேன். அதற்குள் அக்கா மைக்கைப் போட்டுவிட்டு என் சடையைப் பிடித்திருந்தார்.

“அக்கா, அது நான்தான்...”

“ஓடு புள்ள! பேசாத!”

“அக்கா, சொல்றதக் கேளுங்க, அது வந்து...”

“வாய மூடிட்டு ஓடு!”

மேடை நாலடி உயரம். என்னையும் இழுத்துக்கொண்டு குதித்தார். என்னை என் லேப்டாப்பிடமிருந்து காப்பாற்றி வாசலுக்கு வெளியே கொண்டுவந்து நிறுத்திய பிறகும் சடையை விடவில்லை.

வெளியே எல்லாரும் வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். புகையைத் தேடுகிறார்கள்.

“எந்தப் பக்கம்லே?”

“தாயில்பட்டிப் பக்கந்தான் கேட்டுச்சு.”

“ஆலங்குளத்துல பாறைக்கு வெடி வச்சிருப்பாகளோ?”

“ஞாயித்துக்கெழமையா வைப்பாக? எவனோ லீவு நாள்ல களவாண்டு வேலை வாங்கிருக்கான்.”

“பொகையவே காணமே...”

புகை தெரிந்திருந்தால்கூடத் திசை தெரிந்திருக்கும். தெரியாததால் ஒவ்வொருவரும் அவரவர் ஊர்ப் பக்கம் பார்த்தார்கள். முந்நூறு செல்போனும் ஒரே நேரத்தில் காதுக்குப் போயின. பலருக்கு லைனே கிடைக்கவில்லை. எனக்குப் பக்கத்தில் நின்ற பெண்ணின் கணவர் ஒரு கம்பெனியில் வாட்ச்மேன், அன்றைக்கு டியூட்டி. ரிங் போகிறது, எடுக்கவில்லை. திரும்பத் திரும்ப அழுத்திக்கொண்டிருந்தார்.

இந்த இடத்தில்தான் எனக்கு ஞாபகம் வந்தது. இரண்டாவது இடி பாக்கி இருக்கிறது.

“அக்கா, விடுங்க! நான் உள்ள போகணும்!”

“என்னத்துக்கு?”

“லேப்டாப்!”

“உசுரு பெருசா, லேப்டாப்பு பெருசா? மொத வெடிக்குத் தப்பிச்சவுக எல்லாம் ரெண்டாவதுலதான் போயிருக்காக. நில்லு இங்கன!”

“ரெண்டாவது வருதுக்கா! எனக்குத் தெரியும்!”

“எனக்குந்தான் தெரியும்! அதுக்குத்தான் புடிச்சிருக்கேன்!”

ஒருவரையொருவர் இவ்வளவு சரியாகப் புரிந்துகொண்டு, இவ்வளவு தவறாக இரண்டு பேர் மல்லுக்கட்டியிருக்க முடியாது. நான் உள்ளே இழுக்க, அக்கா வெளியே இழுக்க, என் சடை இரண்டு கட்சிக்கும் நடுவில் கிடந்தது. மனசுக்குள் எண்ணினேன். பத்து. ஒன்பது. எட்டு...

ஐந்திலேயே வந்துவிட்டது. (எண்ணிக்கையிலும் நான் கெட்டிக்காரி இல்லை.)

மொத்தக் கூட்டமும் மெயின் ரோட்டுக்குப் போய்விட்டது. யாரோ ஃபயர் சர்வீசுக்கு அடித்துவிட்டார்கள். வாட்ச்மேன் மனைவி தார் ரோட்டில் உட்கார்ந்துவிட்டார். எனக்கு அந்த நிமிடம் நிஜமாகவே எங்காவது புதைந்துபோய்விட வேண்டும் போலிருந்தது.

அப்போது வாசல் கூம்பு ஸ்பீக்கரிலிருந்து சோவென்று மழை கொட்டத் தொடங்கியது. தவளை வேறு. (தவளையை நான்தான் சேர்த்திருந்தேன்.) முந்நூறு பேரும் மெல்லத் திரும்பினார்கள். மேலே பார்த்தார்கள், சுள்ளென்று வெயில். ஸ்பீக்கரைப் பார்த்தார்கள். அக்கா என் சடையைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார்.

“என்னத்தா இது?”

“மழைக்கா.”

“எங்கன பெய்யுது?”

“லேப்டாப்புல.”

தவளை மட்டும் கத்தியது. அந்தச் சமயத்தில் தரையில் இருந்த பெண்ணின் அழைப்பை அவர் கணவர் எடுத்தார். போனை ஸ்பீக்கரில் போட்டிருந்ததால் எல்லாருக்கும் கேட்டது.

“என்னளா, கொஞ்சம் கண்ணசர விடமாட்டியா? சோறு கொண்டு வாரியா?”

அந்தப் பெண் போனை நெஞ்சில் வைத்துக்கொண்டு சிரித்தார். சிரிப்பு பாதியில் அழுகையாகி, மறுபடி சிரிப்பானது. நான் தலைகுனிந்து நின்றேன். எங்கிருந்தோ வந்து என் அம்மா முதுகில் ஒன்று வைத்தார். வெறுங்காலோடு, மூச்சிரைக்க, முட்டி வலியின் அடையாளமே இல்லாமல்.

சைரனோடு தீயணைப்பு வண்டி வந்து நின்றது. அதிகாரி குதித்து இறங்கினார்.

“எங்கய்யா தீ?”

கோட்டைச்சாமி அண்ணன் உறுமியைச் சரிசெய்துகொண்டு சொன்னார்: “மழை பெஞ்சு அமந்துருச்சு சார்.”

அதிகாரி என்னைத் தனியாக அழைத்துச் சொன்னதை இங்கே எழுதமாட்டேன். அதில் ஒரு வார்த்தைகூட அநியாயம் கிடையாது.

மணி ஐந்தைத் தாண்டியிருந்தது. கும்மி பாக்கி. ஆனால் மண்டபத்துக்குள் கால் வைக்க ஒருவருக்கும் தைரியம் இல்லை. அக்கா யாரிடமும் எதுவும் கேட்கவில்லை. மைக் இல்லாமல், வண்டிப் பக்கத்தில் நின்று, விட்ட கண்ணியிலிருந்து மழைப் பாட்டை எடுத்தார். முதல் இரண்டு வரியில் குரல் ஆடியது. மூன்றாவதில் நிலைத்துவிட்டது. பிறகு தீயணைப்பு வண்டியைச் சுற்றிக் கும்மி. வீரர்கள் நாலு பேரும் கைதட்டினார்கள். அந்த வாரமும் சேர்த்தியானது.

சென்னைக்காரர்களை அப்போதுதான் எல்லாருக்கும் ஞாபகம் வந்தது. இரண்டு பேரும் கண் கலங்க மண்டபத்திலிருந்து வந்தார்கள். இருந்த இடத்தைவிட்டு அசையவே இல்லையாம்.

“அந்த ஓட்டம்! பார்வையாளர்களும் நடிப்பாங்கன்னு எதிர்பார்க்கவே இல்லை. அவ்வளவு ஒழுங்கு! எவ்வளவு நாள் ஒத்திகை பார்த்தீங்க?” என்று கேட்டார் கைத்தறி அம்மா.

அக்கா முகத்தைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: “வாரத்துக்கு ஆறு நாள்ம்மா.”

பத்து நாளில் மெயில் வந்தது. குழுவைத் தேர்ந்தெடுத்துவிட்டார்கள், அந்த ஓட்டக் காட்சி அவசியம் இடம்பெற வேண்டும் என்றும் இருந்தது. அக்காவுக்கு வாசித்துக் காட்டினேன். இரண்டு முறை வாசிக்கச் சொன்னார்.

“பாட்டு வேணும்னா வாரோம்னு எழுது. ஓட்டத்த மேடையேத்தக் கூடாதுத்தா.”

அப்படியே எழுதினேன். பதில் வரவில்லை. பதினெட்டாவது மெயிலையும் போட்டுப் பார்த்தேன். தெரியாத சனம் முன்னால் பாட வேண்டும் என்ற அக்காவின் ஆசையை அடித்து நொறுக்கியது எந்த இடி என்று எனக்குத் தெரியும். அக்கா இதுவரை ஒரு தடவைகூட அதைச் சொல்லிக் காட்டியதில்லை. சொல்லிக் காட்டியிருந்தால் தேவலை.

சொல்லிக் காட்டும் பொறுப்பை அம்மா ஏற்றுக்கொண்டார். வீட்டில் யாராவது பலமாகக் கதவைச் சாத்தினால்கூட, “அடியே, லேப்டாப்ப மூடு!” என்பார். யாராவது முட்டி வலி என்று சொன்னால், “எம் மக வைத்தியம் இருக்கு, வாரீகளா?” என்பார்.

அந்த ஐப்பசியில் ஒரு ஞாயிறு, அக்கா மழைப் பாட்டைப் பாடிக்கொண்டிருந்தபோது, நிஜமாகவே வானம் இடித்தது. மண்டபம் அதிர்ந்தது. முந்நூறு பேரும் பாதி எழுந்துவிட்டார்கள். ஆனால் கதவுப் பக்கம் ஒருவரும் பார்க்கவில்லை. எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். நான் எதையும் அழுத்தவில்லை என்று சட்டென்று இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கி விரித்துக் காட்டினேன். கடைசி வரிசையிலிருந்து ஒருவர் வெளியே எட்டிப் பார்த்து, “நெசமாவே மழைதான்லே!” என்றார். சிரிப்பில் அக்காவாலேயே பாட முடியவில்லை.

அன்றிலிருந்து அது பழக்கமாகிவிட்டது. போன மாதம் ஒரு கம்பெனியில் இன்டர்வியூ. மூன்று அதிகாரிகள் எதிரே. “உங்க பலவீனம் என்ன?” என்று ஒருவர் கேட்டார். அந்த நேரம் பார்த்து வெளியே இடி இடித்தது.

இரண்டு கையையும் தூக்கிவிட்டேன்.