சிரித்த பெட்டி

அட்டைப்பெட்டிக்குள் உட்கார்ந்துகொண்டு குழந்தை சிரித்தது. அதுதான் வம்பாகிவிட்டது. அழுதிருந்தால்கூடச் சமாளித்திருக்கலாம். பெட்டித் தொழிற்சாலையில் இயந்திரங்கள் போடுகிற கூச்சலில் எத்தனையோ பேரின் அழுகை அமுங்கிப் போயிருக்கிறது. சிரிப்பு மட்டும் எப்படியோ பளிச்சென்று கேட்டுவிடுகிறது.

அந்தப் பெட்டியை டிராலியில் வைத்துத் தள்ளிக்கொண்டு போனவளுக்கு அங்கே பசைக்காரி என்று பெயர். பெட்டியின் ஓரங்களுக்குப் பசை தடவுவது அவள் வேலை. ஆனால் பெயர் வந்தது அதனால் மட்டுமல்ல. ஒரு விஷயத்தைப் பிடித்தால் லேசில் விடமாட்டாள். இப்போது அவள் பிடித்துக்கொண்டிருந்தது ஊசியை.

ஒன்றரை வயது மகளுக்குக் கடைசித் தவணைத் தடுப்பூசி பாக்கி. நுரையீரலையும் மூளையையும் தாக்கும் கிருமிகளுக்கான ஊசி அது. சுகாதார நிலையத்தில் வாரத்தில் ஒரே ஒரு காலைதான் போடுவார்கள். அந்தக் காலையில்தான் இவளுக்கு வேலை. புருஷன் கப்பலில் சமையல்காரன். அவனை நம்பிப் பிரயோஜனம் இல்லை.

இவள் எதற்கு இப்படிப் பறக்க வேண்டும் என்றால், எதிர்வீட்டுப் பையன்தான் காரணம். அவனுக்கு ஊசி போடாமலே விட்டுவிட்டார்கள். மூளைக்காய்ச்சல் வந்தது. பிழைத்துவிட்டான். ஆனால் இப்போது பின்னாலிருந்து கூப்பிட்டால் திரும்புவதில்லை. அவன் அம்மா அதை மறந்துபோய் இன்னமும் கூப்பிடுகிறாள். அதைப் பார்த்த நாளிலிருந்து பசைக்காரிக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

ஆகவே சூப்பர்வைசரிடம் லீவு கேட்டாள். போன வாரமும் கேட்டாள், அதற்கு முந்தின வாரமும் கேட்டாள். ஆர்டர் அவசரம், ஆள் குறைவு, மெஷின் ரிப்பேர் என்று மனுஷன் விதவிதமாகக் கையை விரித்தார். இன்று காலையில் காரணம்கூடச் சொல்லவில்லை. மத்தியானம் வரைக்கும் யாரும் வெளியே போகக் கூடாது, கேட்டைப் பூட்டியாயிற்று, முக்கியமாக நீ போகக் கூடாது என்றார்.

"அது என்ன சார் முக்கியமா நான்? நான் என்ன உங்க வீட்டு ஆடா, கட்டிப் போடறதுக்கு?"

"போய் வேலையைப் பாரும்மா. அப்புறம் பேசிக்கலாம்."

"அப்புறம் நீங்க பேசறதைக் கேக்க என் பிள்ளைக்குக் காது இருக்கணும் சார்."

இதற்காவது ஆள் கரைவார் என்று பார்த்தால், வாயைத் திறந்தார், மூடினார், விறுவிறுவென்று நடையைக் கட்டிவிட்டார். கல்நெஞ்சக்காரன் என்று அவள் முடிவு கட்டினாள். வேறு யாராக இருந்தாலும் அப்படித்தான் முடிவு கட்டியிருப்பார்கள்.

சரி, நீ விடாவிட்டால் போ, நானே போய்க்கொள்கிறேன் என்று கிளம்பினாள். தொழிற்சாலையின் பின்புறத்தில் தொழிலாளர்களின் பிள்ளைகளுக்கு ஒரு காப்பகம் உண்டு. அங்கே ஆயா குழந்தையைத் தர மறுத்தாள். இன்றைக்கு ஒரு பிள்ளையைக்கூட வெளியே அனுப்பக் கூடாது என்று உத்தரவாம். பெற்ற பிள்ளையை வாங்கிக்கொள்ள உத்தரவு வேண்டுமா? பசைக்காரிக்குச் சுர்ரென்று ஏறியது. பிள்ளைக்குத் தடிப்புத் தடிப்பாக எழும்பியிருக்கிறது, தொத்திக்கொள்கிற வகை போலிருக்கிறது என்று கூசாமல் ஒரு புளுகு விட்டாள்.

ஆயா குழந்தையை அவள் கையில் திணித்துவிட்டுக் கை கழுவ ஓடினாள். வந்த காரியம் முடிந்தது. ஆனால் கை கழுவிய ஆயா சும்மா இருக்கவில்லை. நேரே சூப்பர்வைசரிடம் போய், யார் பிள்ளை என்றுகூடச் சொல்லாமல், காப்பகத்தில் தொத்துநோய் புகுந்துவிட்டது என்று ஊதிவிட்டாள். மனுஷன் ஆடிப்போய்விட்டார். இன்றைக்குப் பார்த்தா வர வேண்டும் என்று தலையில் அடித்துக்கொண்டு, அந்தக் குழந்தையைத் தேடி ஒவ்வொரு பகுதியாக நுழைய ஆரம்பித்தார்.

கேட்டில் வாட்ச்மேன். பின்னால் சூப்பர்வைசர். கேட் திறப்பது சரக்கு லாரிக்கு மட்டும்தான். பசைக்காரி இருப்பதிலேயே பெரிய பெட்டியை எடுத்தாள். கைவிட்டுத் தூக்குவதற்கு இரண்டு பக்கமும் ஓட்டை இருந்ததால் காற்றுக்குக் குறைவில்லை. துணியை மெத்தையாகப் போட்டுக் குழந்தையை உட்கார வைத்து, மேலே மடித்துவிட்டு, லாரி நிற்கும் இடத்துக்கு டிராலியைத் தள்ளினாள். பாதி வழியில் சூப்பர்வைசர் எதிரே வந்தார். குழந்தைக்கு விளையாட்டாகிவிட்டது. கிளுகிளுவென்று சிரித்தது.

வேறு வழி? பசைக்காரியும் சிரித்தாள்.

"என்னம்மா சிரிப்பு?"

"சிரிப்பு வருது சார். இனிமே அதுக்கும் உங்ககிட்ட லீவு கேக்கணுமா?"

அம்மாவின் சிரிப்பைக் கேட்டுக் குழந்தை இன்னும் பலமாகச் சிரித்தது. அட்டை வெட்டுகிற அக்காவுக்கு விஷயம் பிடிபட்டுவிட்டது. உதவிக்கு அவளும் சிரித்தாள். பக்கத்தில் இருந்தவளுக்கு ஒன்றும் தெரியாது. ஆனால் அந்த மனுஷனைப் பார்த்துச் சிரிக்க வேண்டும் என்று வருஷக்கணக்காக ஆசை. அவளும் சேர்ந்துகொண்டாள். அப்புறம் வரிசை முழுவதும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. சூப்பர்வைசர் யாரை அதட்டுவது என்று தெரியாமல் சுற்றிச் சுற்றித் திரும்பினார்.

இந்தக் களேபரத்தில் டேப் போடுகிற அண்ணன் தன் வேலையைப் பார்த்துவிட்டார். காதில் பஞ்சு வைத்திருப்பவருக்குச் சிரிப்பாவது ஒன்றாவது. மேலே மடித்த பெட்டியைக் கண்டால் அவர் கை சும்மா இருக்காது. சர்ரென்று டேப்பை இழுத்து ஒட்டி, மற்ற பெட்டிகளோடு லாரிக்கு அனுப்பிவிட்டார். பசைக்காரி திரும்பிப் பார்த்தபோது டிராலி காலி.

ஓடிப்போய் லாரியின் பின்பக்கம் தாவி ஏறினாள். உள்ளே பார்த்த இடமெல்லாம் பெட்டி. எல்லாம் அவளே ஒட்டிய பெட்டிகள். ஒன்றைப் போலவே இன்னொன்று இருக்க வேண்டும் என்பதற்காகத்தான் அவளுக்குச் சம்பளமே. ஒவ்வொன்றாகத் தட்டித் தட்டி, என் தங்கமே, என் செல்லமே என்று கூப்பிட்டாள். சத்தமில்லை. லாரி கிளம்பிவிட்டது. அவள் அதைக்கூடக் கவனிக்கவில்லை. மூலையில் இருந்த ஒரு பெட்டி பதிலுக்குத் தட்டியது. பல்லாலேயே டேப்பைக் கிழித்தாள். மூக்கில் அட்டைத் தூள் ஒட்டியிருக்க, குழந்தை வெளியே வரமாட்டேன் என்று அடம்பிடித்தது.

அப்போது கேட்டைத் தாண்டிக்கொண்டிருந்த லாரியின் பின்னால் சூப்பர்வைசர் இரண்டு கையையும் ஆட்டிக்கொண்டு ஓடி வந்தார். பசைக்காரி பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு எழுந்து நின்றாள்.

"வேலைய வேணும்னா எடுத்துக்குங்க சார். என் பிள்ளைக்கு ஊசி போடாம இந்த வாசப்படிய மிதிக்க மாட்டேன்."

அவர் என்னமோ கத்தினார். லாரி இரைச்சலில் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் அவள் காதில் போட்டுக்கொண்டிருக்க மாட்டாள். வேலை போனால் நாளைக்கு என்ன செய்வது என்று நினைக்கத்தான் செய்தாள். மகளின் காது மடலைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள். அந்த நினைப்பு போய்விட்டது.

லாரி டிரைவர் முணுமுணுத்துக்கொண்டே சுகாதார நிலையத்து முனையில் இறக்கிவிட்டார். கையெல்லாம் பசை, தலையெல்லாம் அட்டைத் தூள். அப்படியும் நிமிர்ந்து நடந்து உள்ளே போனாள். ஊசி போடும் அறை பூட்டியிருந்தது. தரை துடைத்துக்கொண்டிருந்த அம்மாள், நர்ஸ் மருந்தையெல்லாம் எடுத்துக்கொண்டு அட்டைப்பெட்டிக் கம்பெனிக்குப் போய்விட்டதாகச் சொன்னாள். அங்கே காப்பகத்துப் பிள்ளைகளுக்கு ஊசியாம்.

பசைக்காரி பிள்ளையை இடுப்பில் இறுக்கிக்கொண்டாள். அங்கே யார் கூப்பிட்டார்கள் என்று மெதுவாகக் கேட்டாள்.

"சூப்பர்வைசராம். நடையா நடந்து நர்ஸை வரவழைச்சிருக்காரு. முன்கூட்டிச் சொன்னா பாதி அம்மாங்க பயந்து பிள்ளையத் தூக்கிட்டு ஓடிடுவாங்களாம். அதனால மத்தியானம் எல்லாரையும் உட்காரவெச்சு, எடுத்துச் சொல்லி, சம்மதிக்கிறவங்க பிள்ளைக்குப் போடறதா ஏற்பாடு."

துடைக்கிற துணியைப் பிழிந்துகொண்டே அந்த அம்மாள் குரலைத் தாழ்த்தினாள்.

"அதுல ஒரு பொம்பளை வாராவாரம் ஊசி ஊசின்னு அந்த மனுஷன் உயிரை வாங்குதாம், அதுகிட்டச் சொன்னா ஊருக்கே கேட்டுடும்னு வாயைத் திறக்காம, அது பிள்ளைக்குத்தான் முதல் ஊசி, அது மட்டும் எங்கயும் போயிடக் கூடாதுன்னு கேட்டைப் பூட்டி வெச்சிருக்காராம்."