அருமைராசா கண்டுபிடித்த மின்சார இடியப்ப உரல்

உலக வர்த்தகம் வாசலுக்கு வந்தால் வளர்ந்த நாடுகளில் புத்தாக்கம் பொங்கி வழியும். இதை மறுப்பவர்கள், கனடாவின் லவால் நகரில் அருமைராசா நடத்தும் இடியப்ப உரல் தொழிற்சாலையைப் பார்க்காத பாவிகள்.

சீனாவிலிருந்து பாதி விலையில் உரல்கள் வந்திறங்கிய கிழமையே அருமைராசா அவசரக் கூட்டம் கூட்டினார். பொறியியலாளர் ஆர்த்திகாவுக்கு நெஞ்சு குளிர்ந்தது. கை நோகாமல் பிழியும் மின்சார உரலொன்றை அவள் அங்கே உருவாக்கிக்கொண்டிருந்தாள். அதைத் தன் கையாலேயே முடித்துவிட வேண்டும் என்பதுதான் அவளுடைய ஒரே ஆசை.

"அங்கிள், வெள்ளை மாவுக்கு நல்லாப் பிழியுது. சிவப்பரிசி மாதான் இன்னும் இறுகுது. கொஞ்ச நாள் தாங்கோ, சரியாக்கிப்போடுவன்."

"ஓம் பிள்ளை! போட்டி வந்தால் புதுசா யோசிக்கவேணும்!" என்று முழங்கினார் அருமைராசா.

உடனே 'புத்தாக்கப் பிரிவு' உதயமாயிற்று. கண்ணாடிச் சுவர், உயரக் கதிரைகள், கோப்பி மெஷின் எல்லாம் வந்தன. இடம் போதாததால் ஆர்த்திகாவின் வேலை மேசையைத் தூக்கிக் களஞ்சியத்தில் போட்டார்கள். புத்தாக்கத்துக்கு இடைஞ்சலாக ஒரு கண்டுபிடிப்பு நிற்கலாமா, நீங்களே சொல்லுங்கள்!

அந்தப் பிரிவின் முதல் சாதனை, அவளுடைய வரைபடத்தைச் சீனாவுக்கு அனுப்பியது. அடுத்த சாதனை, அவளை வீட்டுக்கு அனுப்பியது.

"குறை நினையாதையும் பிள்ளை. செய்யிறது அங்கை, விக்கிறது இங்கை. இடையிலை நீர் என்னத்துக்கு?"

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "அது இன்னும் முடியேல்லை அங்கிள்!" என்றாள். அழுகையை அடக்கிக்கொண்டு குளிர்கோட்டை மாட்டினாள்.

பெட்டி பெட்டியாக மின்சார உரல்கள் வந்தன. மேப்பிள் இலை ஒட்டிக் கனடாத் தயாரிப்பு ஆக்கினார்கள். வணிகர் சங்கம் 'ஆண்டின் கண்டுபிடிப்பாளர்' என்று அருமைராசாவுக்கு விருது கொடுத்தது. அவர் கூச்சப்படாமல் வாங்கிக்கொண்டார். படம் இணையமெங்கும் ஓடியது.

வாங்கிய சனம் சிவப்பரிசி மாவைப் போட்டது. உரல்கள் உறுமின, இறுகின, நின்றன. விற்றதெல்லாம் கடைக்கே திரும்பி வந்தது. அருமைராசா ஆர்த்திகாவுக்கு போன் எடுத்தார்.

"பிள்ளை, ஒருக்கா வந்து பாருமன்."

"சீனாவிலை செய்தவையைக் கேளுங்கோ அங்கிள்."

கேட்டார். சீனாவிலிருந்து மிகுந்த மரியாதையோடு பதில் வந்தது:

"விருதுடன் உங்கள் படத்தைப் பார்த்து மகிழ்ந்தோம் ஐயா. எங்களுக்குச் செய்ய மட்டுமே தெரியும். ஏன் இறுகுகிறது என்பதைக் கண்டுபிடித்தவரான தாங்களே சொல்லியருள வேண்டும்."