நாலு செகண்ட் மாமனார்

"மாப்பிள்ளை, போடுங்க," என்றார் அத்தை.

அன்று காலைதான் அவருக்குக் கண் ஆபரேஷன் கட்டைப் பிரித்திருந்தார்கள். பத்து வருஷ மங்கல் போய், உலகமே பளிச்சென்று தெரிகிற கண்ணோடு டிவிக்கு எதிரே நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார்.

மாப்பிள்ளை ரிமோட்டை அமுக்கினார். படம் வரவில்லை. 'இந்தப் படம் இப்போது கிடைக்காது' என்று ஒரு வரி வந்தது.

அவர் லிஃப்ட் இன்ஸ்பெக்டர். பத்தொன்பதாவது மாடியிலிருந்து கீழே எட்டிப் பார்த்தும் அசராதவர். இப்போது அசந்துபோய் ரிமோட்டை மறுபடி மறுபடி அமுக்கினார்.

அத்தைக்கு வேண்டியது ஒரே ஒரு காட்சி. மழை கொட்டுகிற ரயில் நிலையம். கதாநாயகிக்குப் பின்னால் ஒரு ஆள் குடை பிடித்துக்கொண்டு போவார். நாலு செகண்ட். அவர்தான் மாமனார். ஒருநாள் டிவிடியும் கையுமாக வீட்டுக்கு வந்து, "இளவயசுல ஷூட்டிங்னு தெரியாம குறுக்க நடந்துட்டேன்!" என்று திரையில் விரல் வைத்துக் காட்டினார். முகத்தில் பாதி குடை நிழல். அத்தையின் மங்கல் கண்ணுக்கு அதுகூடத் தெரியவில்லை. அவர் போய் ஆறு வருஷமாகிறது. அவர் நடமாடுகிற வேறு ஒரு பதிவும் வீட்டில் கிடையாது.

"டிவிடியைப் போட வேண்டியதுதானே?" என்றார் அத்தை.

டிவிடி எங்கே இருக்கிறது? முந்நூற்றுப் பன்னிரண்டையும் போன மாதம்தான் மாப்பிள்ளை தானம் பண்ணியிருந்தார். "ஒரு அலமாரி படம் நகத்தளவு சில்லுல அடங்கிடுது! மனுஷன் எங்கேயோ போயிட்டான்! இனிமே எல்லாம் டவுன்லோடுதான்," என்று மெய்சிலிர்த்து, பிளேயரையும் சேர்த்தே ஒழித்திருந்தார்.

"நான் வாங்கின படம் எப்படிக் காணாமப் போகும்?"

கோர்ட்டில் டைப்பிஸ்டான மனைவி, பொடி எழுத்து நிபந்தனைகளை நிதானமாகப் படித்தாள். "நீங்க படத்தை வாங்கலீங்க. பார்க்கறதுக்கு அனுமதி வாங்கியிருக்கீங்க. அவங்க உரிமை முடிஞ்சா நமக்கும் முடிஞ்சது."

"அவ்வளவுதானே? வேற இடத்துல இறக்கறேன்."

இறங்கியது. புதுப்பித்த பதிப்பு. மழைத்துளியை ஒவ்வொன்றாக எண்ணலாம். மூவரும் மூச்சுவிட மறந்து பார்த்தார்கள். ரயில் வந்தது, கதாநாயகி ஏறினாள், ரயில் போயேவிட்டது. குடை வரவே இல்லை.

"அவரை வெட்டிட்டாங்களா?" என்று அத்தை கண்கலங்கினார். "ஆபரேஷன் பண்ணின கண்ணு, அழாதேம்மா!" என்று மகள் அலறினாள்.

மாப்பிள்ளை இரண்டிரண்டு படியாக மேல்மாடிக்கு ஓடினார். தானம் வாங்கியது அங்கே இருக்கும் பல் டாக்டரம்மா.

"படம் பார்க்கவா வாங்கினேன்? புறா விரட்ட வாங்கினேன்," என்று டாக்டரம்மா பால்கனியைக் காட்டினார். முந்நூற்றுப் பன்னிரண்டும் நூலில் கோத்துத் தொங்கின.

நாற்காலி போட்டு ஏறி, நம்ம படத்தை அடையாளம் கண்டு, மெதுவாக ஒரு இழுப்பு இழுத்தார். நூல் அறுந்தது.

நாலு மணி வெயிலில் தெரு முழுக்க வானவில் பெய்தது. தட்டுகள் உருண்டன, சுழன்றன, மினுங்கின. பஸ்ஸுக்கு நின்றவர்கள் வாயைப் பிளந்தார்கள். எதற்கு ஏறினோம் என்பதையே மறந்து மாப்பிள்ளையும் பிளந்தார். இத்தனை அழகையா குப்பை என்றோம்!

நல்லவேளை, யார் தலையிலும் விழவில்லை. தெருவே குனிந்து பொறுக்கித் தந்ததில் நம்ம படமும் கிடைத்தது. குறுக்கே பெரிய கீறல்.

அதைச் சட்டைக்குள் அணைத்துக்கொண்டு தெருக்கோடி ரிப்பேர் கடைக்கு ஓடினார். கடைக்காரர் அறுபது தாண்டியவர். கீறலை விளக்கில் காட்டிப் பார்த்துவிட்டு, "இது மேல்தோல் காயம்தான் தம்பி. உள்ள இருக்கறவங்களுக்கு ஒண்ணும் ஆகியிருக்காது," என்று பழைய பிளேயர் ஒன்றைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு தானே கிளம்பி வந்தார்.

ஒயரைச் செருகினார். மென்மையான துணியால் நடுவிலிருந்து விளிம்புக்குத் துடைத்தார். தட்டு உள்ளே போய் முனகியது. படம் திக்கியது, நின்றது, பிறகு ஓடியது.

மழை. நடைமேடை. இடது ஓரத்திலிருந்து குடை.

நாலு செகண்ட் ஓடியதும் மாப்பிள்ளை பின்னால் தள்ளி மறுபடி போட்டார். மறுபடியும் அந்த மனுஷர் நடந்தார். செத்துப்போன ஒருவர், கீறல் விழுந்த ஒரு வட்டத்துக்குள்ளிருந்து, மழைக்குத் தோளைக் குறுக்கிக்கொண்டு நடந்து வருகிறார். லிஃப்ட் இன்ஸ்பெக்டருக்கு மயிர்க்கூச்செறிந்தது.

மூன்றாம் தடவை, குடை சற்றே சாய்ந்த இடத்தில் நிறுத்தினார். அத்தை எழுந்து போய்த் திரையில் கை வைத்தார்.

"இப்பத்தான் முகமே தெரியுது. அதே மூக்கு! அதே நடை! என்ன லட்சணம் பாருங்க!"

மனைவி விசும்பினாள். மாப்பிள்ளை கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

கடைக்காரர் திரையைப் பார்த்தார். சுவரில் மாட்டியிருந்த மாமனாரின் போட்டோவைப் பார்த்தார். பிறகு துணியை மடித்தபடி தயங்கித் தயங்கிச் சொன்னார்:

"போட்டோல இருக்கற சார் எங்கிட்டதாம்மா இந்த டிவிடியை வாங்கினார். குடையோட போறது நான்தான்னு அன்னிக்கே அவருக்குப் போட்டுக் காட்டினேனே!"