மூலைமேசை கொண்ட காதை

வாழ்க குழாய்க்கோமான்! மண்ணுக்குள் மறைந்தோடும் நன்னீர்க் குழாயையும் கழிவுநீர்க் குழாயையும் ஒன்றையொன்று தீண்டாமல் பிரித்து நிறுத்தி, வளைய வேண்டிய இடத்தில் வளைத்து, ஊரார் சுவர்களெல்லாம் ஈரம் காணாமல் காத்து நின்ற செம்பென்சில் ஏந்தல் வாழ்க! கட்டட வரைபட அலுவலகத்தில் உடன் பணிபுரிவோர் 'குழாய் அண்ணன்' என்று சர்வசாதாரணமாக அழைத்தபோதிலும், அவ்வெளிய பெயருக்குள் அடங்காப் பெருமை படைத்த அவ்வீரன் தன் மூலைமேசையை மீட்கும் பொருட்டு நிகழ்த்திய பெரும்போரை இனிச் சொல்லப் புகுகின்றோம். இருமல் உள்ளோர் இப்போதே இருமி முடித்துக்கொள்க.

காவியம் இடையூறின்றி முடியும்பொருட்டுக் கழிப்பறைக் கதவின் உட்புறத் தாழ்ப்பாளை முதற்கண் வணங்குகின்றோம். தாழ்ப்பாளே! முதலாளியும் ஏவலரும் உன்முன் ஒரே நிறை. நீ விழும் 'டக்' என்னும் ஓசையைக் கேட்ட பின்னரே மானிட நெஞ்சம் மூச்சு விடுகிறது. எம் நா பிறழாமலும், கதை நடுவே யாம் எழுந்து ஓட நேராமலும் நீயே துணை நில்.

மற்ற வேந்தர்க்குப் பகை எல்லைக்கு அப்பால் இருக்கும். நம் வீரனுக்கோ பகை வயிற்றுக்குள்ளேயே வாடகையின்றிக் குடியிருந்தது. பெருங்குடலில் ஆறாப் புண் என்பது அப்பகையின் பெயர். மருந்துக்கு அடங்கும், முற்றும் ஒழியாது. மாதக்கணக்கில் சாதுவாய் உறங்கும். பின் ஒருநாள் சொல்லாமல் கொள்ளாமல் போர்முரசு கொட்டும். அது கொட்டிவிட்டால், 'இதோ வருகிறேன்' என்று எதிரில் இருப்பவரிடம் சொல்லி முடிக்கவும் அவகாசம் கிடையாது. ஆயினும் அவன் அதனோடு மல்லுக்கட்டாமல், மாமியாரோடு ஒரே வீட்டில் வாழும் மருமகனைப் போல, விட்டுக்கொடுத்தும் விழிப்பாய் இருந்தும் காலம் தள்ளக் கற்றிருந்தான். தவறாத மாத்திரை, அளவறிந்த உணவு, பைக்குள் மடித்து வைத்த மாற்றுக் காற்சட்டை, எந்தத் தெருவில் எந்தக் கடைக்காரர் முகம் சுளிக்காமல் உள்ளே விடுவார் என்னும் ஞானம் ஆகிய நால்வகைப் படையும் எந்நேரமும் அவனுடன் சென்றன.

அப்படைகள் நான்கும் பாசறை அமைத்திருந்த இடமே மூலைமேசை. அலுவலகத்தின் கடைக்கோடியில், அனைவர்க்கும் பொதுவான ஒற்றைக் கழிப்பறையை ஒட்டிக் கிடந்தது அது. அங்கே விளக்கு இமைத்து இமைத்து எரியும். பினாயில் மணம் பொழுதெல்லாம் வீசும். தண்ணீர்த் தொட்டி நிரம்பும்போது சுவர் பெருமூச்சு விடும். கண்டோர் மூக்கைப் பொத்திக்கொண்டு கடக்கும் அவ்விடம் நம் வீரனுக்கோ அரியணை. ஏனெனில் எழுந்து கை நீட்டினால் கதவு. அந்த நிம்மதியில் அமர்ந்துதான் அவன் பள்ளிகளுக்கும் மண்டபங்களுக்கும் குழாய்ப் படங்கள் வரைந்து குவித்தான். எந்தக் கட்டடமாயினும் கழிப்பறையைப் பிறர் வைப்பதைவிட ஓர் அறை முன்னதாகவே வைப்பான். ஏன் என்று கேட்டவர் எவருமில்லை. அங்கே அவசரமாய் ஓடி வந்தவர்களுக்கு மட்டும் அதன் அருமை தெரிந்திருக்கும்.

இவ்வாறு செங்கோல் வளையாது ஆண்டுவந்த நாளில்தான் விதி வெள்ளையடிக்கும் வடிவில் வந்தது. அலுவலகத் தலைவி, கட்டடக்கலை வித்தகி, 'மேடம்' என்னும் ஒற்றைச் சொல்லால் எல்லோரையும் எழுந்து நிற்க வைப்பவள், சுவருக்கு வண்ணம் பூசும் சாக்கில் இருக்கைகளையும் மாற்றி அமைக்கத் திருவுளம் கொண்டாள். அனைவரையும் கூட்டி நிறுத்திப் பிரகடனம் செய்தாள்.

"குழாய் அண்ணன் எத்தனை வருஷமா அந்த நாத்தத்துல கிடக்கறார்! இனிமே அவருக்கு ஜன்னல் பக்கம். என் ரூமுக்குப் பக்கத்துலயே. நல்லா காத்து வரும்."

எல்லோரும் கைதட்டினர். ஜன்னலோரம் என்பது அவ்வலுவலகத்தின் சொர்க்கம். ஆனால் அச்சொர்க்கத்துக்கும் கழிப்பறைக்கும் நடுவே அலுவலகம் முழுவதும் மேசைகளும் நாற்காலிகளும் படச்சுருள் தாங்கிகளுமாய் அடர்ந்து கிடந்தது. வீரனின் வயிற்றில் முரசு ஒருமுறை மெல்ல அதிர்ந்தது. "ரொம்ப நன்றி மேடம்" என்றான். அவன் வாழ்நாளில் சொன்ன பொய்களில் அதுவே தலையாயது.

"அப்ப அந்த மூலைக்கு யாரு?" என்று தலைவி வினவ, எவரும் எதிர்பாராத திசையிலிருந்து ஒரு குரல் எழுந்தது. "எனக்கு எங்க போட்டாலும் சரிதான் மேடம். அந்த மூலையையே எனக்குக் குடுத்துடுங்க."

உரைத்தவள் செங்கல் அக்கா. எந்தச் சுவருக்கு எத்தனை செங்கல், எத்தனை மூட்டை சிமெண்டு என்று மதிப்பிட்டுச் சொல்வதே தொழிலாகக் கொண்டவள். மேஸ்திரிகள் அவள் பெயரைக் கேட்டாலே தலைத்துண்டை அவிழ்ப்பர். 'என்ன தங்கமான மனசு!' என்று அவையோர் வியந்தனர். நம் வீரன் மட்டும் வியக்கவில்லை. அண்மைக் காலமாக அவள் அடிக்கடி எழுந்து அவனது மூலைமேசைப் பக்கம் வந்துபோனதை அவன் நினைவுகூர்ந்தான். ஆகா, அத்தனையும் வேவு பார்த்த வேலையா! பல்லைக் கடித்தான்.

உண்மையைச் சொல்லிவிட்டால் போரே வேண்டாமே என்று கேட்பீர். அன்று மாலை வீட்டில் அவன் மனைவியும் அதையேதான் கேட்டாள்.

"வாயைத் தொறந்து சொன்னா ஒரு நிமிஷ வேலை. இதுக்கு ஏன் இப்படி மூஞ்சியத் தூக்கி வெச்சுக்கிட்டு இருக்கீங்க?"

"முன்ன இருந்த ஆபீஸ்ல சொன்னேன்ல? என்ன ஆச்சு?"

முந்தைய அலுவலகத்தில் அவன் சொன்னான். எல்லோரும் 'ஐயோ பாவம்' என்றார்கள். அவன் உடல்நலம் கருதிப் பெரிய வேலைகளை முதலில் வாங்கிக்கொண்டார்கள்; பின்னர்ச் சின்ன வேலைகளையும் வாங்கிக்கொண்டார்கள்; இறுதியில் நாற்காலியையும் வாங்கிக்கொண்டு, நன்றாக ஓய்வெடுக்குமாறு வாழ்த்தி அனுப்பினார்கள். யாரும் கெட்டவர்கள் அல்லர். அதனால்தான் அவனுக்குக் கோபப்படவும் வழியில்லாமல் போனது. நோயைக்கூட அவன் தாங்கினான். கையில் பென்சில் இல்லாத அந்த நாள்களைத்தான் தாங்க முடியவில்லை. ஆகவே வாய் திறவாமலே வெல்வது எனச் சூளுரைத்தான்.

இனிப் போர்க்களம் காண்க. புதிய வரைபடம் எதுவாயினும் ஒரு வாரம் சுவரில் தொங்கவிடுவதும், கருத்துடையோர் தத்தம் நிறப் பென்சிலால் அதன்மேல் திருத்துவதும், அதுபற்றி வாயால் ஒன்றும் பேசாதிருப்பதும் அவ்வலுவலகத்தின் வழக்கம். இருக்கை வரைபடமும் அவ்வாறே தொங்கியது. முதல்நாள் நண்பகலில், அனைவரும் உணவுக்குச் சென்ற வேளை பார்த்து, நம் வீரன் செம்பென்சிலோடு பாய்ந்து, ஜன்னலோரத்திலிருந்த தன் மேசையை அழித்து மூலையில் நாட்டி, 'மேற்கு வெயில் கண்ணைக் கூசச் செய்யும்' என்று காரணமும் பொறித்து மீண்டான்.

மறுநாள் செம்மேசை அழிந்து, செங்கல் அக்காவின் பச்சைமேசை எழுந்திருந்தது. அருகே பச்சை எழுத்தில், 'திரைச்சீலை போடலாம். துணியளவு கீழே' என்று கணக்கும் இருந்தது. நெற்றி வியர்க்க, 'குழாய்ப் பராமரிப்புக்கு நான் அருகில் இருத்தல் நலம்' என இரண்டாம் அம்பை எய்தான். 'இந்தக் குழாய் ஒருமுறைகூடப் பழுதானதில்லை. வரைந்தவர் திறமை அப்படி' என்று பதில் வந்தது. புகழையே ஆயுதமாய் எடுப்பவளோடு என்ன செய்வது! அன்றிரவு அவன் சாப்பிடவில்லை.

மூன்றாம் நாள் கழிப்பறைக் கதவை வெளிப்புறம் திறக்குமாறு மாற்றி வரைந்து, அது பச்சைமேசையின் மண்டையில் இடிக்குமாறு செய்தான். அவள் மேசையைச் சற்றே நகர்த்திக் கதவுக்கு வழிவிட்டாள். அவன் கதவை அகலமாக்கினான். அவள் மேசையை ஒடுக்கினாள். செம்மை பாய, பசுமை எதிர்க்க, ரப்பர்த்துகள் பூம்பொழிவாய்த் தரையில் உதிர, அழித்தும் எழுதியும் எழுதியும் அழித்தும் இருபெரும் படைகளும் மோதிய மோதலில் தாள் நைந்தது. வெளியில் பார்த்தாலோ இருவரும், "சாப்பிட்டாச்சா தம்பி?" "ஆச்சுக்கா" என்று வழக்கம்போல் குசலம் விசாரித்துக்கொண்டிருந்தனர். வாரக் கடைசியில் வரைபடத்தின் மூலையில், கழிப்பறை இருந்த இடத்தில், விரல் நுழையும் அளவுக்கு ஓர் ஓட்டை விழுந்தது.

அவ்வோட்டையின் வழியேதான் பேரிடர் புகுந்தது. தலைவி வந்தாள்; தாளைப் பார்த்தாள்; ஓட்டையில் விரலை விட்டு ஆட்டினாள்; நெடுநேரம் யோசித்தாள். கட்டடக்கலைஞர்களுக்கே உரிய தவறான முடிவு ஒன்று அவள் முகத்தில் மெல்ல மலர்ந்தது.

"இந்த மூலைக்கு இவ்வளவு அடிதடியா! அப்ப அதுல ஏதோ விசேஷம் இருக்கு. எனக்குத்தான் இத்தனை நாள் தெரியாமப் போச்சு. நானே எடுத்துக்கறேன். பாத்ரூமை இடிச்சுட்டு என் ரூமை அங்க கொண்டு வந்துடலாம். நீங்கல்லாம் கீழ்த்தளத்துல இருக்கறதுக்குப் போய்க்கலாம். சாயங்காலம் மேஸ்திரி வர்றார்."

கீழ்த்தளத்துக் கழிப்பறை! அதற்குப் பூட்டு உண்டு. பூட்டுக்குச் சாவி உண்டு. சாவி காவலாளியிடம் உண்டு. காவலாளி எங்கே இருப்பார் என்பது காவலாளிக்கே தெரியாது. அந்தக் கணத்தில், மாதக்கணக்கில் உறங்கிய உட்பகையும் நேரம் பார்த்து விழித்து, முழு வேகத்தில் முரசு கொட்டிற்று.

இப்போது நம் வீரன் இரு வழியின் நடுவே நின்றான். ஓடினால் இன்றைக்குத் தப்பலாம். மேஸ்திரி வந்த பின் நாளை முதல் இவ்வேலையே இல்லை. நின்று பேசினால் வேலைக்காக வாதாடலாம். ஆனால் முரசு அவ்வளவு நேரம் பொறுக்குமா? முகம் வெளிறியது. பிடித்துக்கொள்ள ஒரு நாற்காலி மட்டுமே கிடைத்தது. அதைப் பற்றிக்கொண்டு, உடம்பிலிருந்த அத்தனை தசைகளையும் ஒரே கோட்டையின் வாயிலில் காவலுக்கு நிறுத்தி, அவன் வாய் திறந்தான். இடியென முழங்க எண்ணினான். வந்ததோ தேய்ந்த குரல்.

"வேணாம் மேடம். எனக்குப் பெருங்குடல்ல புண்ணு. பல வருஷமா இருக்கு. பாத்ரூம் பக்கத்துல இருந்தாத்தான் என்னால வேலை பார்க்க முடியும். கிட்ட இருந்தா நல்லாவே பார்ப்பேன். அதான் அந்த மூலை."

உடனே பகைவர் பாசறையிலிருந்து இன்னொரு குரல் எழுந்தது.

"அட, தம்பி! இதை முன்னாடியே சொல்லக் கூடாதா? எனக்கு இதயத்துக்கு நீர்மாத்திரை குடுத்திருக்காங்க. காலைல போட்டா மத்தியானம் வரைக்கும் நிமிஷத்துக்கு நிமிஷம் எழுந்து ஓடணும். எல்லார் முன்னாடியும் நடந்து நடந்து எனக்கு வெக்கமாப் போச்சு."

வேவு பார்த்தவளல்லள்! ஒரே கோட்டைக்குத் தப்பி ஓடிவந்த இன்னோர் அகதி. வீரன் அவளை நோக்கினான். அவள் அவனை நோக்கினாள். இருவர்க்கும் சிரிப்பு வந்தது. ஆனால் அவன் சிரிக்கத் துணியவில்லை. சிரிக்கும் நிலையில் உடம்பு இல்லை.

தலைவி ஓட்டையைப் பார்த்தாள், அவனைப் பார்த்தாள். இதோ வரப்போகிறது 'ஐயோ பாவம்' என்று அவன் நாற்காலியை இறுகப் பற்றிக் கண்ணை மூடிக்கொண்டான்.

"இதைச் சொல்றதுக்கா ரெண்டு பேரும் ஒரு வாரமா பேப்பரை ஓட்டை போட்டீங்க? ரெண்டு மேசையும் அங்கயே போட்டுக்கோங்க. பாத்ரூம் இருக்கட்டும், மேஸ்திரி வந்தா அந்த லைட்டை மாத்தச் சொல்றேன். அண்ணே, அந்த ஆஸ்பத்திரி குழாய்ப் படம் நாளைக்குத் தரணும், ஞாபகம் இருக்குல்ல? உங்களை விட்டா அதுக்கு ஆள் கிடையாது."

அவனுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. வீரன் அழலாமா என்று கேட்போரே, வேலையைப் பிடுங்கிவிடுவார்கள் என்று பயந்து கிடந்தவனிடம் வேலை கேட்டுப் பாரும், உமக்குத் தெரியும். "நாளைக்குக் காலைலயே தந்துடறேன் மேடம்" என்றான். இம்முறை அது பொய்யில்லை.

ஆக, வாய்திறந்து வாகை சூடிய வள்ளல், செம்பென்சிற்கொடி காதில் செருகியோன், இதுகாறும் எவரும் தாங்காத முற்றுகையை நாற்காலியொன்றின் துணையால் தாங்கி நின்ற தனிப்பெரும் தலைவன், உடன் பணிபுரிவோர் இருமருங்கும் ஒதுங்கி வழிவிட, படச்சுருள் தாங்கிகள் தலைவணங்க, விரைந்தும் விரையாததுபோல் நடந்தும், நடந்தும் ஓடாததுபோல் ஓடியும், தான் மீட்ட கோட்டையின் திருவாயிலை அடைந்து, வெற்றிக்கரம் நீட்டிக் கதவைத் தள்ளினான்.

தாழ்ப்பாள் விழுந்திருந்தது. உள்ளே செங்கல் அக்கா இருந்தாள்.