பரிதா உயிரோடு இருப்பதை அரசாங்கமே ஒப்புக்கொண்டது

பல்லாவரம்,
வெள்ளிக்கிழமை.

அன்பு மச்சான் மொஹ்சினுக்கு, காஜா எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். இங்கு நான் நலம், பிள்ளைகள் நலம். உன் அக்கா பரிதாவும் நலம். இதை வெறும் மரியாதைக்காக எழுதவில்லை. பதிவு அலுவலக முத்திரை போட்ட ஆதாரம் கையில் இருக்கிறது. போனில் சொன்னால் நடுவில் நீ சிரிப்பாய், அதனால்தான் கடிதம்.

பிப்ரவரியில் ஒருநாள் காலை, நமக்கு ஸ்கூல் பை ஆர்டர் கொடுக்கும் குரோம்பேட்டை தோத்தாத்ரி சார் போன் செய்தார். பரிதாதான் எடுத்தாள்.

"அம்மா தவறிட்டாங்களாமே, ரொம்ப வருத்தம். இனிமே புதுப் பார்ட்னர்கிட்டதான் பேசணுமாமே?"

"எந்த அம்மா சார்?"

"பரிதா அம்மா."

"பேசுறதே பரிதாதான் சார்."

அந்தப் பக்கம் போன் கீழே விழுந்த சத்தம் எனக்கே கேட்டது.

விசாரித்தால், நமக்கு ஜிப் சப்ளை செய்துகொண்டிருந்த வாஜித், நானும் பரிதாவும் பங்குதாரர்களாக இருக்கும் நம் பை கம்பெனியின் பதிவில் 'பங்குதாரர் பரிதா காலமானார், அவருக்குப் பதில் வாஜித்' என்று மனு கொடுத்து, என் கையெழுத்தையும் அவனே போட்டு, ஓர் இறப்புச் சான்றிதழ் நகலையும் சொருகியிருக்கிறான். அது பள்ளிக்கரணையில் காலமான வேறு ஒரு பரிதாவுடையது, வயது எண்பத்தொன்று. தன்னை மௌத்தாக்கியதைக்கூட உன் அக்கா பொறுத்துக்கொண்டாள், அந்த எண்பத்தொன்றைத்தான் பொறுக்க முடியவில்லை. அன்றே என்னை இழுத்துக்கொண்டு பதிவு அலுவலகம் போனாள். அங்கே கிருபா என்று ஒரு கிளார்க்.

"பேப்பர் சரியா இருந்தா நாங்க வாங்கித்தான் ஆகணும்மா. நெசமா பொய்யான்னு பார்க்க எங்களுக்குப் பவர் இல்ல."

"நான் எதிர்லயே நிக்கிறேனே!"

"நிக்கிறீங்க. ரெக்கார்டுல இல்லியே?"

நான் கத்தினேன். என்னை வெளியே போகச் சொன்னார்கள், டீ குடிக்கப் போனேன். தோத்தாத்ரி சார் நல்ல மனிதர்தான், ஆனால் யாரிடம் கையெழுத்து வாங்குவது என்று தெரியாமல் ஆர்டரை நிறுத்திவிட்டார். நம்மிடம் தைக்கும் ஷபீனாவும் மற்ற மூன்று பெண்களும் தையல் மெஷின் முன்னால் சும்மா உட்கார்ந்திருந்தார்கள்.

அந்த நேரத்தில்தான், அல்லாஹ்வின் கருணை, பொய்ப் பதிவுகளைத் தடுக்க மாநிலத்தில் புதுச் சட்டம் வந்தது. இனி யார் எதை மாற்றக் கேட்டாலும் பழைய பங்குதாரர் போனுக்குச் செய்தி வரும், அவர் 'ஆம்' என்றால்தான் மாறும். முன்பே பொய்யாக ஏறியதை விசாரித்து நீக்கவும் அதிகாரிக்கு உரிமை உண்டு. சட்டம் அமலான அன்று காலையே முதல் மனு உன் அக்காவுடையதுதான்.

நேற்று விசாரணை. அதிகாரி கஸ்தூரிரங்கன் மூக்குக்கண்ணாடிக்கு மேலே பார்த்து, "இந்தம்மா யாருப்பா?" என்று கேட்டார். வாஜித் கொஞ்சமும் கூசாமல், "செத்துப்போனவங்களோட தங்கச்சி சார், ஒரே ஜாடை" என்றான். பரிதா நிதானமாக அவன் பக்கம் திரும்பினாள்.

"ஏண்டா வாஜித், போன வருஷம் உன் பொண்டாட்டி கேட்டான்னு ஹேண்ட்பேக் வாங்கிட்டுப் போனியே, அதைத் தைச்சது யாரு?"

"நீங்கதான் பரிதாக்கா" என்றான், பழக்க தோஷத்தில்.

கிருபா மேஜைக்கடியில் குனிந்துகொண்டு சிரித்தது எனக்குத் தெரியும். கஸ்தூரிரங்கன் சார் பேனாவை எடுத்தார். வாஜித்தின் பதிவு ரத்து, அவன் மேல் போலீசில் புகார். "பரிதா பேகம் என்பவர் உயிருடன் இருப்பதை நேரில் கண்டேன்" என்று அவர் எழுதியதை நான் லேமினேட் செய்து கடை வாசலில் மாட்டிவிட்டேன். தெருவே வந்து படிக்கிறது. சாயங்காலம் தோத்தாத்ரி சார் ஸ்வீட் பாக்ஸோடு வந்து, பரிதாவை இரண்டு தடவை நன்றாகப் பார்த்துவிட்டு, ஆர்டரை உறுதி செய்தார். மெஷின்கள் இப்போது ஓடுகிற சத்தத்தில்தான் இதை எழுதுகிறேன். இந்தக் குடும்பத்தை இனி எவனும் ஏமாற்ற முடியாது மச்சான்!

ருக்ஸானாவுக்கும் பிள்ளைகளுக்கும் என் சலாம். உங்கள் எல்லோருக்கும் நீண்ட ஆயுளையும், அது பதிவேட்டில் சரியாக ஏறுகிற பாக்கியத்தையும் அல்லாஹ் தரட்டும்.

அன்புடன்,
காஜா

பி.கு.: தம்பி, இதை அக்கா எழுதுகிறேன். ஒட்டுவதற்கு முன் படித்துப் பார்த்தேன். என் பெயரைத் திரும்பச் சேர்க்க இன்று காலை இவர் போனுக்குச் செய்தி வந்தது. கண்ணாடி போடாமலே 'ஆம்' அழுத்திவிட்டார். நான் இப்போதுதான் பதிவைப் பார்த்தேன். டைப் அடித்தவர் பெயரை மாற்றிப் போட்டிருக்கிறார்: பங்குதாரர் பரிதா, காலமானவர் காஜா. ஆட்சேபம் சொல்லப் பதினைந்து நாள் அவகாசம் உண்டு. இவரிடம் இன்னும் சொல்லவில்லை. அவசரம் ஒன்றும் இல்லை.