ஐஸ் பெட்டிக்குள் இரண்டாயிரம் அடி

ஜெலுத்தோங், பினாங்கு.
21.11.1995, செவ்வாய்க்கிழமை, மாலை மணி 6.20.
உயரமானி இந்த நேரத்தில் காட்டும் உயரம்: 2,180 அடி.
உயரமானி இந்த நேரத்தில் இருக்கும் இடம்: எங்கள் வீட்டு ஐஸ் பெட்டி, இரண்டாவது தட்டு, சாமிப் பூவுக்குப் பக்கத்தில்.

மதிப்பிற்குரிய முனுசாமி மாமா அவர்களுக்கு, மருமகன் குணாளன் வணக்கத்துடன் எழுதுவது.

நான் நலம். அம்மா நலம். ஜொகூரில் நீங்களும் அத்தையும் பிள்ளைகளும் நலம் என்றே எடுத்துக்கொள்கிறேன். இல்லையென்றால் இதற்குள் போன் வந்திருக்கும். நலமாக இல்லாதது நீங்கள் சிங்கப்பூரில் வாங்கி அனுப்பிய உயரமானி ஒன்றுதான். அதில் உங்கள் குற்றம் இல்லை, கடைக்காரன் குற்றமும் இல்லை. யார் குற்றம் என்பதைக் கீழே படிப்படியாக நிரூபிக்கப் போகிறேன். படித்து முடித்ததும் நீங்கள் உங்கள் அக்காவுக்குப் போன் செய்து, "அக்கா, அது முருகன் இல்லை, சந்தனம்" என்று சொல்ல வேண்டும். நீங்கள் வருடம் தவறாமல் காவடி எடுப்பவர். முருகன் என்ன சொல்வான், என்ன சொல்ல மாட்டான் என்று நீங்கள் சொன்னால் எடுபடும். நான் டிப்ளோமா மட்டும் எடுத்தவன்.

நான் ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கே போகிறேன் என்பது உங்களுக்குத் தெரியும், அம்மாவுக்குத் தெரியாது. அம்மாவைப் பொறுத்தவரை புக்கிட் தெங்கா டெலிபோன் ஆலையில் ஓவர்டைம். உண்மையில் பேராக் பக்கத்துத் திடலில் விமானம் ஏறிக் குதித்துக்கொண்டிருந்தேன். இதுவரை குதித்ததெல்லாம் விமானத்தில் கட்டிய கயிறே பாராசூட்டை இழுத்து விரித்துவிடும் வகை. அரிசி மூட்டைக்கும் நமக்கும் வித்தியாசம் இல்லை. வருகிற ஞாயிறுதான் முதல் முறையாக நானே விழுந்து, நானே உயரம் பார்த்து, நானே இழுக்க வேண்டும். பயிற்சியாளர் அப்துல் அஜீஸ் அண்ணன் ஒரே வார்த்தையில் சொல்லிவிட்டார்: "கண்ணை நம்பாதே லா தம்பி. மேலேர்ந்து பார்த்தா தரை ஒரு நேரம் பக்கத்துல இருக்கும், ஒரு நேரம் தூரத்துல இருக்கும். கையில கட்டியிருக்குறதைப் பாரு. அது சரியா ஓடலேன்னா என் ஏரோப்பிளேன்ல ஏறாதே." இந்த ஞாயிற்றை விட்டால் விமானம் பழுதுபார்க்கப் போகிறது, பிப்ரவரியில்தான் திரும்பும். பிப்ரவரி வரை ஆலையில் எல்லாரிடமும் "இந்த ஞாயிறு, இந்த ஞாயிறு" என்று சொல்லிக்கொண்டு திரிய முடியாது மாமா. ஏற்கெனவே சிரிக்கிறார்கள்.

இந்த நிலையில் பார்சல் வந்தது. நான் வேலையில் இருந்தேன். பார்சலுக்கு மேல் நீங்கள் கொட்டை எழுத்தில், அதுவும் தமிழில், "மருமகன் பாராசூட்டில் குதிக்கும் சாமான், கவனம்" என்று எழுதியிருந்தீர்கள். தபால்காரருக்குத் தமிழ் தெரியாது. கஸ்டம்ஸ்காரருக்குத் தமிழ் தெரியாது. இந்த நாட்டில் அந்தப் பார்சல் கடந்துவந்த கைகளில் தமிழ் தெரிந்த கை ஒன்றே ஒன்றுதான், அது கடைசியில் கதவைத் திறந்தது. நான் வீடு திரும்பியபோது பார்சல் மேசை மேல் இருந்தது. அம்மா அதற்கு எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்.

"ஓவர்டைம் எப்படிடா போவுது?"

"போவுதும்மா."

"எத்தனை அடி உயரத்துல போவுது?"

அதற்குப் பிறகு நடந்ததை எழுதினால் தாள் போதாது. சோறு ஆறியது, அழுகை நடந்தது, செத்துப்போன அப்பா அய்யாக்கண்ணு நாலு தடவை சாட்சிக்கு அழைக்கப்பட்டார். முடிவில் அம்மா ஒரு தீர்ப்பு சொன்னார். "கொடிமலை ரயில்ல ஏறுவோம். இந்தக் கடியாரம் மலை உச்சியில சரியா உயரம் காட்டுச்சுன்னா போ, நான் குறுக்க நிக்கல. காட்டலேன்னா முருகன் வேணாம்னு சொல்றான்னு அர்த்தம். சத்தியம் பண்ணு." பண்ணினேன். ஏன் பண்ணமாட்டேன்? கருவி மேலே போகும், காற்று லேசாகும், கருவி அதை உணர்ந்து எண்ணைக் காட்டும். இதில் முருகனுக்கு என்ன வேலை என்று நினைத்தேன்.

வியாழக்கிழமை கருவியைத் தயார் செய்தேன். கூடவே தடிமனான கையேடு ஒன்று இருந்தது. கையேடு படிப்பது எனக்குப் பழக்கம் இல்லை. இருப்பதே மூன்று பொத்தான். மீட்டரை அடியாக மாற்றினேன். தரைத்தளத்தில் வைத்து எண்ணை 0 என்று சுழியாக்கினேன். விழும்போது பீப் அடிக்க வேண்டிய உயரங்களை வைத்தேன்: 5,500 அடியில் "தயாராகு", 4,000 அடியில் "இழு", 2,000 அடியில் "இன்னுமா இழுக்கலே?" பிறகு லிஃப்டில் எங்கள் பிளாட்டின் உச்சி மாடிக்குப் போனேன். 150 அடி. இறங்கினேன், சுழி. மறுபடி ஏறினேன், 150. அப்பழுக்கில்லை. தேறிய சாமானுக்கு ஆலையில் என்ன செய்வோமோ அதையே செய்தேன்: பின்பக்கம் பச்சை வட்ட ஸ்டிக்கர் ஒட்டி, கையெழுத்தும் போட்டேன். என் கையெழுத்து உள்ள சாமான் கெட்டுப்போனதாகச் சரித்திரம் கிடையாது. ஒரு மாதமாக மணி கேட்காத டெலிபோன்கள் திரும்பி வருகின்றன, எங்கள் சூப்பர்வைசர் நோர்மா அக்கா தலையைப் பிய்த்துக்கொள்கிறார் என்பது உண்மைதான், ஆனால் அது பாகங்களைக் கோர்க்கும் பிரிவில் யாரோ செய்கிற தப்பு, எங்கள் சோதனைப் பிரிவுக்கு அதில் சம்பந்தமில்லை, அது வேறு கதை.

வெள்ளிக்கிழமை நான் வேலையில் இருந்தபோது அம்மா கருவியைக் கைப்பையில் போட்டுக்கொண்டு தண்ணீர்மலை முருகன் கோயிலுக்குப் போய்விட்டார். புது மோட்டார் சைக்கிளுக்குப் பூஜை போடுகிறோம், புது நாலு சக்கரக் கெரெத்தாவுக்குப் போடுகிறோம், இதற்குப் போட்டால் என்ன என்பது அவர் வாதம். நடந்ததை அவரே பெருமையோடு சொன்னார். ஐயர், "யார் பேருக்கு அர்ச்சனை?" என்று கேட்டிருக்கிறார். "இது பேருக்குத்தான் சாமி." "நட்சத்திரம்?" அம்மா பார்சல் வந்த நாளைச் சொல்லியிருக்கிறார், ஐயர் பஞ்சாங்கம் பார்த்து நட்சத்திரம் கண்டுபிடித்திருக்கிறார். ஆக, உயரமானிக்கு ஜாதகம் இருக்கிறது. எலுமிச்சம்பழத்தை எதன் அடியில் வைத்து நசுக்குவது, டயர் இல்லையே என்று மட்டும் கொஞ்ச நேரம் பேச்சு நடந்திருக்கிறது. கடைசியில் சந்தனம், அதன் மேல் குங்குமம். எங்கே வைத்தார்கள் தெரியுமா? கருவியின் விலாவில் சின்னதாக ஒரு ஓட்டை இருக்கிறது. சரியாக அதன் மேல். அம்மாவிடம் கேட்டேன். "பொட்டு வைக்கிறதுக்குன்னே பள்ளமா ஒரு எடம் விட்டிருந்தான், அதுல வச்சோம்" என்றார்.

ஊசியால் குத்தி எடுத்தேன். சந்தனம் தூளாக வந்தது. சரி, தீர்ந்தது என்று ஞாயிற்றுக்கிழமை அம்மாவோடு கொடிமலை அடிவாரத்தில் சுழியாக்கிவிட்டு ரயில் ஏறினேன். அம்மா, "என்கிட்ட குடு, நீ ஏதாச்சும் அமுக்கி ஏமாத்துவே" என்று கருவியை வாங்கி இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் பொத்திக்கொண்டு, வழி முழுக்கக் கண்ணை மூடி முணுமுணுத்துக்கொண்டே வந்தார். பாதி மலையில் ரயில் மாறும்போது எட்டிப் பார்த்தேன். ஆயிரம் அடி இருக்க வேண்டிய இடத்தில் மைனஸ் 90. உச்சியில் இறங்கினோம். கீழே ஜார்ஜ்டவுன் முழுக்கத் தெரிகிறது, பாலம் தெரிகிறது, கப்பல் எறும்பு மாதிரி தெரிகிறது. அம்மா கையைத் திறந்தார். மைனஸ் 210.

"மைனஸுன்னா என்னடா?"

பொய் சொல்லியிருக்கலாம். எனக்கு வராது. "தரைக்குக் கீழேம்மா" என்றேன்.

"மண்ணுக்குள்ள எரநூத்திப் பத்து அடி" என்றார் அம்மா, மெதுவாக. "இதுக்கு மேல அவன் என்னடா சொல்லணும்? வாய் விட்டா பேசுவான்?"

பக்கத்தில் படம் எடுத்துக்கொண்டிருந்த ஒரு குடும்பமே திரும்பிப் பார்த்தது. நான் கருவியைத் தட்டினேன், உலுக்கினேன், பொத்தானை அமுக்கினேன். அம்மா எனக்கு ஐஸ் கச்சாங் வாங்கிக் கொடுத்தார். ஜெயித்தவர் வாங்கிக் கொடுக்கும் ஐஸ் கச்சாங்கை நீங்கள் சாப்பிட்டிருக்கிறீர்களா மாமா? தொண்டையில் இறங்காது.

திங்கட்கிழமை இதைவிட மோசம். "சாமான் சூடாயிருச்சு, குளிரட்டும்" என்று அம்மா கருவியை ஐஸ் பெட்டியில் பூவோடு வைத்துவிட்டார். ஒரு மணி நேரம் கழித்துத் தண்ணீர் எடுக்கப் போன நான் பார்க்கிறேன்: 2,180 அடி! மலை உச்சியில் காட்ட வேண்டியதை மிளகாய்த்தூளுக்கும் தயிருக்கும் நடுவில் உட்கார்ந்து காட்டுகிறது. அம்மா கொஞ்சமும் அசரவில்லை. "பார்த்தியா? வீட்டுலயே இரு, ஒனக்கு வேண்டிய ஒசரம் இங்கயே கெடைக்கும்னு சொல்றான்."

இங்கேதான் மாமா, படித்தவன் படிக்காதவன் வித்தியாசம். நான் உட்கார்ந்து யோசித்தேன். வெளிக்காற்று உள்ளே போகும் வழி அடைபட்டிருக்கிறது. உள்ளே பழைய காற்று மாட்டிக்கொண்டிருக்கிறது. அம்மா கையில் பொத்தினால் அந்தக் காற்று சூடாகி அழுத்தம் கூடுகிறது, கருவி பள்ளத்தில் இருப்பதாக நினைக்கிறது. ஐஸ் பெட்டியில் குளிர்ந்து அழுத்தம் குறைகிறது, மலையில் இருப்பதாக நினைக்கிறது. வியாழக்கிழமை சரியாக இருந்தது, ஞாயிற்றுக்கிழமை சரியில்லை. இடையில் நடந்தது ஒன்றே ஒன்று: சந்தனம். ஊசிக்கு எட்டாத ஆழத்துக்குப் போய்விட்டது. நிரூபணம் முடிந்தது. இதை அம்மாவிடம் வரைபடம் போட்டு விளக்கினேன். முழுக்கக் கேட்டுவிட்டு, "அப்ப, அடைக்கச் சொன்னதும் அவந்தானே?" என்றார்.

ஆகவே நான் செய்யப் போவது:

1. உங்கள் போன் வரும்வரை அம்மாவோடு பேசுவதில்லை. (சாப்பாடு கேட்பது இதில் சேராது.)
2. வியாழக்கிழமை ஆலையில் கருவியைப் பிரித்துச் சந்தனத்தைத் தேடி எடுப்பது.
3. எடுத்த சந்தனத்தை ஒரு பொட்டலத்தில் போட்டு, அத்தாட்சியாக உங்களுக்கு அனுப்புவது.
4. இனிமேல் என் சாமான் எதுவும் தண்ணீர்மலை ஏறக்கூடாது என்று அம்மாவிடம் சத்தியம் வாங்குவது.

அத்தைக்கு என் அன்பு. பிள்ளைகள் நன்றாகப் படிக்கட்டும், முக்கியமாக அறிவியல். உங்கள் காவடிக்கு வழக்கம்போல் பால்குடம் தூக்க நான் வருவேன், தரையில் முழுசாக இருந்தால்.

இப்படிக்கு,
தங்கள் அன்பு மருமகன்,
அ. குணாளன்

பின்குறிப்பு. புதன்கிழமை இரவு. உறையில் ஸ்டாம்ப் ஒட்டிவிட்டேன், எல்லாவற்றையும் திரும்ப எழுதப் பொறுமை இல்லை, அதனால் இதைத் தனித்தாளில் எழுதிச் சொருகுகிறேன். இன்று காலை அம்மா சாமிக்குப் பூ எடுக்கும்போது கருவியையும் எடுத்து ஈரத்தைத் துணியால் துடைத்திருக்கிறார். "டேய், இதென்ன பின்னால பச்சையா, உரிஞ்சுக்கிட்டு வருது?" என்று குரல் கேட்டது. நான் "அதைத் தொடாதம்மா" என்று ஓடுவதற்குள் என் ஸ்டிக்கர் அம்மாவின் விரலில் இருந்தது. ஸ்டிக்கர் இருந்த இடத்தில் ஒரு ஓட்டை இருந்தது. கருவி 2,180 அடியிலிருந்து ஒரே மூச்சில் எங்கள் ஐந்தாவது மாடிக்கு விழுந்தது, விழுகிற வழியில் 2,000 அடியைத் தாண்டும்போது "இன்னுமா இழுக்கலே?" என்று ஊரைக் கூட்டிப் பீப் அடித்தது. அம்மா கருவியை என் மேல் எறிந்தார். பிறகு கையேட்டைத் திறந்தேன். மூன்றாம் பக்கம், படத்தோடு: விலாவில் இருப்பது சத்தம் வரும் ஓட்டை. பின்பக்கம் இருப்பது காற்று போகும் ஓட்டை, தயவுசெய்து மூடாதீர்கள்.

மொழிபெயர்த்துச் சொன்னேன். அம்மா சிரிக்கவில்லை. அதுதான் தாங்கவில்லை. "நான் வாயிலதாண்டா சந்தனம் வச்சேன். நீ மூக்கையில்ல அடைச்சிருக்கே? மூக்கை அடைச்சா முருகன் என்ன பண்ணுவான்?"

இன்று வேலை முடிந்ததும் மறுபடி கொடிமலை. கருவி அம்மா கையில்தான். உச்சியில் 2,290 அடி. அம்மா எண்ணைப் பார்த்தார், கடலைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "சத்தியம் சத்தியந்தான். போ" என்றார். ஐஸ் கச்சாங் நான் வாங்கிக் கொடுத்தேன். இரண்டு கிண்ணம் சாப்பிட்டார்.

நீங்கள் போன் செய்ய வேண்டாம். அம்மா செய்வார், எடுக்க வேண்டாம். மேலே 1 முதல் 4 வரை ரத்து. பதிலாக:

1. கையேட்டை முதல் பக்கத்திலிருந்து படிப்பது.
2. ஞாயிற்றுக்கிழமை குதிப்பது. அம்மாவும் சந்தனக் கிண்ணத்தோடு திடலுக்கு வருகிறார். பொட்டு என் நெற்றிக்கு மட்டும் என்று அவரே சொல்லிவிட்டார்.
3. திங்கட்கிழமை நோர்மா அக்கா வருவதற்கு முன்னால் ஆலைக்குப் போய், திரும்பி வந்த டெலிபோன்களைத் திருப்பிப் போட்டு, என் பச்சை வட்டம் எதன் மேல் ஒட்டியிருக்கிறது என்று பார்ப்பது.